நாய்க்கு நகம் வெட்டும்போது ரத்தம் வந்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் யார் வீட்டு நாய்க்கு நகம் வெட்டினாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், நாயைக் குளிப்பாட்டி முடித்த கையோடு. நான் கால்நடை மருத்துவர் இல்லை. பல வருடமாக நாய் வளர்க்கிறேன், எங்கள் மருத்துவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். இப்போது ரத்தம் வந்துகொண்டிருக்கிறது என்றால் முதல் பதிலை மட்டும் படியுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அக்கா, நகத்தை ரொம்ப ஒட்ட வெட்டிட்டேன், ரத்தம் சொட்டுது, இப்ப உடனே என்ன பண்ணணும்?

நாயோடு தரையில் உட்காருங்கள். சுத்தமான பருத்தித் துணியையோ காஸ் துணியையோ மடித்து, வெட்டுப்பட்ட நகத்தின் நுனியில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு, ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அப்போதுதான் உறைய ஆரம்பித்த ரத்தம் துணியோடு வந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வையுங்கள்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவர் நாயின் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கட்டும். நாய் ஓடினால், துள்ளினால் ரத்த ஓட்டம் கூடும், நிற்க நேரமாகும். அழுத்தியும் கசிந்தால் படிகாரத்தூளோ சோள மாவோ வைத்து மறுபடி அழுத்துங்கள், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். நின்ற பிறகு நகத்தைத் துடைக்காதீர்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். காய்ந்த ரத்தம் அங்கேயே இருக்கட்டும், அதுதான் மூடி.

நகம்தானே, நமக்கு வெட்டினா ரத்தம் வரதில்லையே, இதுக்கு மட்டும் ஏன் இப்படி?

நம் நகம் தட்டையானது, விரல்நுனியைத் தாண்டி வளர்ந்ததை மட்டும் வெட்டுகிறோம். நாயின் நகம் கூம்பு மாதிரி. வெளியே கெட்டியான ஓடு, உள்ளே உயிருள்ள சதை. அந்தச் சதைக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. ஆங்கிலத்தில் இதை க்விக் என்பார்கள், நான் நகச்சதை என்றே எழுதுகிறேன். கத்தி அதில் பட்டால் ரத்தமும் வரும், வலியும் வரும். நமக்கு நகக்கண்ணில் முள் ஏறினால் எப்படி இருக்குமோ அப்படி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் அது கத்துவது நடிப்பு இல்லை, நிஜமாகவே வலிக்கிறது.

தரை முழுக்க ரத்தம், இவ்வளவு போனா உயிருக்கு ஆபத்தா?

ஆரோக்கியமான நாய்க்கு ஆபத்து இல்லை. நாயின் உடம்பில் கிலோவுக்கு ஏறத்தாழ 80 முதல் 90 மில்லி ரத்தம் இருக்கும். 15 கிலோ நாய் என்றால் ஒரு லிட்டருக்கு மேல். நகத்தில் இருந்து போவது சில துளிகள், மிஞ்சினால் ஒரு சில ஸ்பூன். வெள்ளை டைல்ஸில், அதுவும் குளிப்பாட்டின ஈரம் இருக்கும்போது, ஒரு ஸ்பூன் ரத்தத்தை நாய் நாலு அறைக்கும் இழுத்துக்கொண்டு போனால் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு நின்றுவிடும். சாதாரணமாக ஐந்து, பத்து நிமிடத்தில் நின்றுவிடும்.

கவனம் தேவைப்படுவது மிகச் சின்னக் குட்டிக்கும், ஏற்கெனவே ரத்தசோகையோ வேறு நோயோ உள்ள நாய்க்கும். அவற்றுக்குக் கொஞ்சம் போனாலும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

வீட்டுல பவுடர் எதுவும் இல்ல. மஞ்சள் வைக்கலாமா, காப்பித்தூள் வைக்கலாமா?

காப்பித்தூள் வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் கை வெட்டுப்பட்டால் ஒரு சிட்டிகை காப்பித்தூளை அப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது, என் அம்மாவும் செய்வார். ஆனால் நாய் நக்கும். காஃபின் நாய்க்கு விஷம், சின்ன நாய்க்குச் சிறிதளவே படபடப்பையும் வாந்தியையும் கொண்டுவரும். வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பும் கூடாது, அது அரிக்கும், வெட்டுப்பட்ட சதையில் பட்டால் புண்ணாகிவிடும். ஃபெவிக்விக் மாதிரி பசையும் வேண்டாம்.

மஞ்சள்தூளால் கெடுதல் இல்லை, ஆனால் மஞ்சள் என்பதற்காக ரத்தம் தனியாக நிற்காது. எந்த நைசான உலர்ந்த மாவும் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது, கூடவே பாதமும் தரையும் கறையாகும். அதற்குச் சோள மாவு மேல், இல்லையென்றால் மைதா. உள்ளங்கையில் ஒரு ஸ்பூன் கொட்டி, நக நுனியை அதில் குத்தி அழுத்தி இரண்டு நிமிடம் பிடியுங்கள். மேலே தூவிவிட்டால் ரத்தத்தோடு சேர்ந்து வழிந்துவிடும், அழுத்த வேண்டும்.

நான் வீட்டில் எப்போதும் வைத்திருப்பது படிகாரம். சலூனில் ஷேவிங் முடிந்ததும் முகத்தில் தேய்ப்பார்களே, அதே கல். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், விலையும் ஒன்றுமில்லை. அதைத் தூளாக்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டு நகவெட்டியோடு வைத்துவிடுங்கள். அது திசுவைச் சுருக்கும், அதனால்தான் ரத்தம் கட்டுப்படுகிறது. கொஞ்சம் எரியும், நாய் காலை இழுக்கும், விடாமல் பிடியுங்கள். அதுவும் இல்லையா, காய்ந்த குளியல் சோப்புக் கட்டி இருக்குமே, அதில் நக நுனியைக் குத்தி அழுத்தினால் சோப்பு உள்ளே அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை பயணத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான்.

கடையில ஸ்டிப்டிக் பவுடர்னு விக்கிறாங்களே, அது நல்லதா?

நல்லதுதான். நாய் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இரும்பு உப்புக் கலந்த பழுப்பு மஞ்சள் தூள், படிகாரத்தைவிட வேகமாக வேலை செய்யும். சிலவற்றில் எரிச்சல் தெரியாமல் இருக்க மரத்துப்போகும் மருந்தும் சேர்த்திருப்பார்கள். நக நுனிக்கு மட்டும்தான் அது. தோல் கிழிந்த இடத்திலோ ஆழமான காயத்திலோ வைக்கக் கூடாது. ஒரு சிட்டிகை போதும், துணியில் பட்டால் கறை போகாது, வைத்த பிறகு சில நிமிடம் நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவை ஈரம் படாமல் மூடி வையுங்கள், கட்டி தட்டிய தூள் ஒட்டாது.

டெட்டால் ஊத்திக் கழுவினேன், சரிதானே?

இனி வேண்டாம். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் திறந்த சதையில் கடுமையாக எரியும், நாய் நக்கினால் வாயும் வயிறும் பாதிக்கும். மேலும் கழுவினாலே உறைந்த ரத்தம் கரைந்து மறுபடி ஆரம்பிக்கும் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். மண்ணில், சாக்கடை ஓரத்தில் மிதித்து அழுக்காகிவிட்டது என்றால் ரத்தம் நன்றாக நின்று சில மணி நேரம் கழித்து, கொதித்து ஆறிய தண்ணீரில் பீட்டாடின் திரவத்தைக் கட்டன் டீ நிறத்துக்குக் கலந்து பாதத்தை நனைத்து, ஒற்றி உலரவிடுங்கள்.

நக்கிக்கிட்டே இருக்கு, கட்டுப் போட்டுடலாமா?

நக்கினால் உறைந்தது போய்விடும், அதனால் முதல் ஒரு மணி நேரமாவது தடுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கவனத்தைத் திருப்புவதே போதும். முடியாவிட்டால் குழந்தைகளின் காட்டன் சாக்ஸை மாட்டி, மேல்பக்கம் தளர்வாக ஒட்டுநாடா சுற்றுங்கள், முடியில் ஒட்டாமல் சாக்ஸின் மேலேயே. இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

ரப்பர் பேண்டோ நூலோ போட்டு விரலைக் கட்டாதீர்கள். இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ரத்தம் நிற்க வேண்டும் என்று கட்டிவிட்டு அவிழ்க்க மறந்து, முடிக்குள் ரப்பர் பேண்ட் இருப்பது தெரியாமலே போய், விரல் வீங்கி அழுகும் நிலைக்கு வந்த நாய்களை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அழுத்திப் பிடித்தால் போதும், கட்டி இறுக்கத் தேவையில்லை.

வலிக்குதுன்னு தெரியுது, பாராசிட்டமால் பாதி குடுக்கட்டுமா?

கூடாது. பாராசிட்டமால், புரூஃபென், டைக்ளோஃபினாக் எதையும் மருத்துவர் சொல்லாமல் நாய்க்குக் கொடுக்காதீர்கள். கல்லீரல், சிறுநீரகம், குடல் என்று ஏதாவது ஒன்றைக் கெடுக்கும். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதையே தடுக்கும், அதனால் இந்த நேரத்தில் இரட்டைக் கெடுதல். நகச்சதை வெட்டுப்பட்ட வலி முதல் சில நிமிடம் கூர்மையாக இருக்கும், அப்புறம் குறையும், மறுநாள் பெரும்பாலும் இயல்பாக நடக்கும்.

டி.டி. ஊசி போடணுமா?

நமக்கு இரும்பு குத்தினால் போடுவதால் இந்தச் சந்தேகம் வருகிறது. நாய்களுக்கு டெட்டனஸ் அரிது, மனிதனையும் குதிரையையும்விட அவை அந்த நஞ்சைத் தாங்கக்கூடியவை. நகம் வெட்டுப்பட்டதற்காக அவற்றுக்கு வழக்கமாக டி.டி. போடுவதில்லை. சாதாரண வெட்டுக்கு ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படாது. இரண்டு நாள் கழித்தும் நொண்டினால், விரல் வீங்கினால், சூடாக இருந்தால், சீழோ நாற்றமோ வந்தால், விடாமல் அந்த ஒரு விரலையே நக்கினால் காட்டிவிடுங்கள்.

நின்னு போன ரத்தம் ராத்திரி மறுபடி வந்துடுச்சு, ஏன்?

எங்கேயோ இடித்திருக்கும், சோபாவில் இருந்து குதித்திருக்கும், இல்லை நக்கியிருக்கும். பயப்பட வேண்டாம், முதலில் செய்ததையே மறுபடி செய்யுங்கள். அன்று முழுக்க ஓட்டம், படியேற்றம், குளியல், ஈரத்தரை எதுவும் வேண்டாம். சிறுநீர் கழிக்கக் கூட்டிக்கொண்டு போவதென்றால் புல்தரைப் பக்கம் போங்கள், சூடான தார்ச்சாலையும் கல் தரையும் உரசும். இப்படி ஒன்றிரண்டு தடவை நடப்பது சகஜம். அதற்கு மேல் போனால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

அழுத்திப் பார்த்தாச்சு, பவுடரும் வச்சாச்சு, அரை மணி நேரமா நிக்கலையே?

இப்போது கிளம்புங்கள். துணியை அழுத்திப் பிடித்தபடியே மருத்துவரிடம் போங்கள். போகும்போது ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தாலோ, சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தாலோ அதை மறக்காமல் சொல்லுங்கள்.

நிற்காத ரத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் நகவெட்டி இல்லை, உடம்புக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒன்று. நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நாய் உண்ணி கடித்து எர்லிக்கியா என்ற கிருமி உள்ளே போனால் ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகள் குறைந்துவிடும், வெளியே நாய் கொஞ்சம் சோர்வாக மட்டுமே தெரியலாம். எங்கள் வீட்டுப் பெண் நாய்க்கு அப்படித்தான் தெரிய வந்தது. கட்டைவிரல் நகத்தில் துளியளவு வெட்டு, நாற்பது நிமிடமாகியும் கசிந்துகொண்டே இருந்தது. ரத்தப் பரிசோதனையில் தட்டுகள் மிகக் குறைவு என்றார்கள். அதற்கு முந்தின வாரம் அது சாப்பாட்டைப் பாதியில் விட்டதை நான் வெயிலின் மேல் போட்டிருந்தேன். நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் கொடுத்து மீண்டது.

இரண்டாவது, எலி மருந்து. புரோமாடியலோன் வகைக் கட்டிகளைத் தின்றாலோ, அதைத் தின்ற எலியைத் தின்றாலோ ரத்தம் உறையும் சக்தி போய்விடும். அன்றே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். பக்கத்து வீட்டில் வைத்திருந்தாலும் சொல்லுங்கள், வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், நேரம்தான் முக்கியம். மூன்றாவது, டாபர்மேன் இனத்தில் பரம்பரையாக வரும் வான் வில்லிபிராண்ட் என்ற உறைதல் குறைபாடு. டாபர்மேன் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டினது இல்ல, நகமே பிளந்து பாதி தொங்குது, பிடுங்கிடலாமா?

பிடுங்காதீர்கள். அடியில் நகச்சதையோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் வலி தாங்காது, எந்த நல்ல நாயும் கடிக்கும். காஸ் துணியைத் தளர்வாகச் சுற்றி மருத்துவரிடம் கொண்டுபோங்கள், மரக்க வைத்து ஒரு நொடியில் எடுத்துவிடுவார்கள். நகம் மறுபடி வளரும், சில மாதம் ஆகும்.

திறந்த சதை வெளியே தெரிந்தால் ஈ மொய்க்க விடாதீர்கள். நம் வெப்பத்தில் ஈ முட்டையிட்டு ஓரிரு நாளில் புழு வைத்துவிடும், வெளியில் கட்டிப்போடும் நாய்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. ஆறும்வரை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

எங்க நாய்க்கு நகம் முழுக்கக் கருப்பு, சதை எங்க இருக்குன்னே தெரியல, எப்படி வெட்டறது?

வெள்ளை நகம் இருந்தால் வெளிச்சத்தில் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடலாம். கருப்பு நகத்தில் அரிசியின் பாதி அளவுக்குத் துணுக்குத் துணுக்காக வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் வெட்டிய முகத்தை நேராகப் பாருங்கள். முதலில் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி இருக்கும். இன்னும் வெட்டினால் நடுவில் ஒரு வட்டம் தெரிய ஆரம்பிக்கும், சாம்பலோ கருப்போ, கொஞ்சம் பளபளப்பாக ஈரம் போல. அங்கே நிறுத்துங்கள், அதற்கு அடுத்தது சதை.

நகவெட்டி மழுங்கியிருந்தால் வெட்டாது, நசுக்கும். சதையில் படாமலே நாய் கத்துகிறது என்றால் அதுதான் காரணம். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து செய்யுங்கள்.

ரொம்ப நாளா வெட்டாம வளைஞ்சு போச்சு, ஒரே தடவையில குறைச்சிடலாமா?

நகம் வளர வளர உள்ளே சதையும் கூடவே நீண்டுவிடும், அதனால் ஒரே தடவையில் குறைத்தால் ரத்தம் நிச்சயம். வாரம் ஒரு தடவை நுனியை மட்டும் வெட்டிவந்தால் சதை தானாகப் பின்வாங்கும், இரண்டு மூன்று மாதத்தில் சரியான நீளத்துக்கு வந்துவிடும். டைல்ஸில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் நீளம் என்று அர்த்தம். தார்ச்சாலையில் தினமும் நடக்கும் நாய்க்குத் தானே தேயும், அடுக்குமாடி வீட்டு நாய்க்குத் தேயாது.

உள்பக்கம் மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் தரையில் படாததால் எந்த நாய்க்கும் தேயாது. முடி நிறைந்த நாய்களில் அது வட்டமாக வளைந்து தோலுக்குள்ளேயே குத்திவிடும். அப்படிக் குத்தி இறங்கியிருந்தால் வீட்டில் வெட்ட வேண்டாம்.

ஒரு தடவை ரத்தம் வந்ததுல இருந்து காலைத் தொடவே விடமாட்டேங்குது.

அதற்கு நினைவிருக்கிறது. அமுக்கிப் பிடித்து வெட்டினால் அடுத்த தடவை இன்னும் மோசமாகும், அதனால் ஒரு வாரம் நகவெட்டியையே எடுக்காதீர்கள். பாதத்தைத் தொடுங்கள், உடனே வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. அடுத்து நகத்தைத் தொடுங்கள், ஒரு துண்டு. அப்புறம் நகவெட்டியைப் பக்கத்தில் வையுங்கள், வெட்டாமல் சத்தம் மட்டும் காட்டுங்கள். அதற்குப் பிறகு நாளைக்கு ஒரே ஒரு நகம். தட்டில் கெட்டித் தயிரைத் தடவி முன்னால் வைத்தால் அது நக்கி முடிப்பதற்குள் இரண்டு நகம் முடிந்துவிடும், எங்கள் வீட்டில் இதுதான் வழி. நாய் முகத்தைத் திருப்பி உதட்டை நக்கினாலோ, உடம்பை விறைத்துக்கொண்டாலோ அன்றைக்குப் போதும்.

பக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்கள் திமிறும்போது மூச்சுத் திணறும், வெயில் நேரத்தில் அது ஆபத்து. அவற்றை மல்லுக்கட்டிப் பிடிக்கவே கூடாது.

வலியில என் கையைக் கடிச்சிடுச்சு. எங்க வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே, விட்டுடலாமா?

விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள், அப்புறம் அன்றே மருத்துவரிடம் போங்கள், நாயின் தடுப்பூசி அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு. உங்களுக்கு ஊசி தேவையா, எத்தனை என்பதை அவர் முடிவு செய்யட்டும். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். ரேபிஸ் வந்த பிறகு மருந்து இல்லை, அதனால் இதில் தயவுதாட்சண்யமே வேண்டாம். நாயை அடிக்காதீர்கள், அது வலியில் செய்தது.

வெட்டவே இல்ல, ஆனா ஒண்ணொண்ணா நகம் உடைஞ்சு விழுது, ரத்தம் வருது. கால்சியம் குடுக்கலாமா?

ஒரே ஒரு நகம் என்றால் எங்கேயாவது மாட்டிக் கிழிந்திருக்கும். இரண்டு மூன்று கால்களில், வாரக்கணக்கில், ஒன்றன்பின் ஒன்றாக நகம் கழன்று விழுந்தால் அது கால்சியம் குறைவு இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நக அடியைத் தாக்கும் ஒரு நோய் இருக்கிறது, பூஞ்சைத் தொற்றும் இருக்கலாம், இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. ரத்தத்தை நிறுத்த மேலே சொன்னதையே செய்யுங்கள். விழுந்த நகத்தை ஒரு காகிதத்தில் மடித்து மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள், எந்தக் காலில் எந்த விரல், எந்தத் தேதி என்று எழுதி வைத்திருந்தால் அவருக்கு அது பெரிய உதவி.